விழக் கற்ற இரண்டு வருஷம்

தெருவுக்குத் தெரு இப்போது ஜூடோ, கராத்தே என்று போர்டு தொங்குகிறது. தொங்கட்டும், எனக்கென்ன வந்தது. ஆனால் ஒருத்தன் இன்னொருத்தனை இடுப்பில் ஏற்றி வீசுகிற படம் அந்தப் போர்டில் இருந்தால் மட்டும் சைக்கிளை நிறுத்திவிடுவேன். எல்லாரும் வீசுகிறவனைப் பார்ப்பார்கள். நான் வீசப்படுகிறவன் காலைப் பார்ப்பேன். அவன் கட்டைவிரல் தரையை உந்தியிருக்கிறதா, இல்லையா? உந்தியிருந்தால் அது வித்தை இல்லை, ஊரை ஏமாற்றுகிற வேலை. அந்த வேலையை இரண்டு வருஷம் சம்பளம் இல்லாமல் பார்த்தவன் நான். அதனால் இதைப் பற்றி எவனும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

எழுபதுகளின் ஆரம்பம். பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு ஒரு பக்கம் ஊர், இன்னொரு பக்கம் எங்கள் காலனி. ஊர் என்றால் நிலம் வைத்திருந்தவர்கள். காலனி என்றால் அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள். அம்பத்தூரில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்ததும் இரண்டு பக்கத்து ஆம்பிளைகளும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரே ரோட்டில் வேலைக்குப் போனோம். அடடா, எல்லாம் மாறிப்போச்சு என்று அப்போது மேடை போட்டுப் பேசினார்கள். மாறியது இதுதான்: அவர்கள் சூப்பர்வைசராகப் போனார்கள், நாங்கள் டெம்பரரியாகப் போனோம்.

சைக்கிள் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில், தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் நான் டெம்பரரி. எட்டு மாசம் தாண்டினால் பர்மனென்ட் ஆக்க வேண்டி வரும் என்று, அதற்குள் 'பிரேக்' என்று சொல்லி வெளியே அனுப்பிவிடுவான். இரண்டு மாசம் வீட்டில் உட்கார வேண்டும். பிறகு கூப்பிட்டு, முன்னே பின்னே பார்த்திராத ஆள் மாதிரி பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்டுப் புதுசாகச் சேர்ப்பான். இந்தக் கூத்து எனக்கு நாலு தடவை நடந்தது. கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தாள். பிரேக் விழுகிற மாசங்களில் என் மனைவி நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த்தான் அடுப்பு எரிந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, பர்மனென்ட். அதற்காக எவன் காலை வேண்டுமானாலும் பிடித்திருப்பேன். பிடிக்கத்தான் செய்தேன்.

எங்கள் ஷாப் சூப்பர்வைசர் ஊர்ப் பக்கத்து ஆள். எங்கள் காலனிப் பெண்கள் பாதிப் பேர் அவர் அண்ணன் நிலத்தில்தான் வேலை செய்தார்கள். அவர் மூன்று வருஷம் பம்பாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். திரும்பும்போது தொப்பையும், ஒரு வெள்ளைக் கோட்டும், ஒரு கறுப்பு பெல்ட்டும் கொண்டுவந்தார். ஜூடோவில் கறுப்பு பெல்ட் என்றால் எமனுக்குத் தம்பி என்று அர்த்தமாம். அவரே சொன்னார். சூப்பர்வைசர் என்று கூப்பிட்டால் போதாது, மாஸ்டர் என்று கூப்பிட வேண்டும் என்றும் அவரே சொன்னார். ஆவணி மாசப் புழுக்கத்தில் ஒருநாள் அந்த பெல்ட் வியர்வையில் நனைந்து, கோட்டின் இடுப்பு முழுக்க நீலமும் கறுப்புமாகச் சாயம் இறங்கியது. ஜப்பான்காரன் சாயம் இவ்வளவு மட்டமாகவா இருக்கும் என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்து கேட்கிற தைரியம் எவனுக்கு இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டு நெல்லடிக்கிற களத்தில் வகுப்பு. உமியை முழங்கால் உயரத்துக்குக் கொட்டி, மேலே லாரித் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதுதான் மெத்தை. அவர் அக்கா மகனும் ஊர்ப் பையன்கள் நாலு பேரும் சிஷ்யர்கள். கரையான்சாவடியில் ஒரு டெய்லரிடம் காடாத் துணியில் கோட்டு தைத்துக்கொண்டு வந்தார்கள். முதல் நாள் காலரைப் பிடித்து இழுத்ததுமே இரண்டு கோட்டு டர்ரென்று கிழிந்தது. ஐந்து வீராதி வீரர்கள் வந்தாயிற்று. ஒரே ஒரு குறைதான் இருந்தது. வீசுவதற்கு ஆள் வேண்டுமே!

ஏனென்றால் அந்த ஐந்து பேரில் ஒருத்தனும் விழத் தயாராக இல்லை. களத்தில் வேலை செய்கிற பெண்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவர்கள் முன்னால் ஊர்ப் பிள்ளை மல்லாக்க விழுவதா? நாளைக்கு எவள் மதிப்பாள்? அதற்காக மாஸ்டர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். திங்கட்கிழமை பிரஸ் ஷாப்பில் என் மெஷின் பக்கம் வந்து நின்றார்.

"இன்னாடா, உடம்ப நல்லாதான் வெச்சிகினு கீறே. ஞாயித்துக்கெழம களத்துக்கு வா. ஜூடோ கத்துத்தரேன்."

"எனக்கா சார்?"

"உனக்குத்தான். ஆவடிப் பக்கம் பெரிய கம்பெனியில ஜூடோ டீம் ஆரம்பிக்கப் போறானாம். வெளையாடத் தெரிஞ்சவன பர்மனென்ட்டாவே எடுப்பானாம். எல்லாம் நமக்குத் தெரிஞ்ச ஆளுங்கதான். உன்னையும் சொல்லி வெக்கிறேன்."

அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. என் மனைவி மட்டும் கேட்டாள், "அவங்க பசங்க அஞ்சு பேர உட்டுட்டு உன்ன எதுக்குய்யா கூப்புடறாரு?" நான் அவளைத்தான் முறைத்தேன். ஒரு நல்லது நடந்தால் உனக்குப் பொறுக்காதே என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவள் சொன்னதுதான் சரி. அப்போது மட்டும் இல்லை, எப்போதும் அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. அது வேறு எரிச்சல்.

முதல் மூன்று மாசம் எனக்கு விழுவது மட்டும்தான் பாடம். சும்மா சொல்லக் கூடாது, அதை மட்டும் மாஸ்டர் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார். நான் எலும்பை முறித்துக்கொண்டால் அடுத்த வாரம் வீச ஆள் கிடைக்காதே! மல்லாக்க விழும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்ட வைத்து, உன் பெல்ட் முடிச்சைப் பார். அப்போதுதான் பின்மண்டை தரையில் அடிக்காது. முதுகு படுவதற்கு ஒரு நொடி முன்னால் கையை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, உள்ளங்கை முழுவதும் படும்படி தார்ப்பாயில் ஓங்கி அறை. கையைத் தலைப் பக்கம் தூக்கி அறையாதே, தோள் கழன்றுவிடும். உடம்புக்கு அடியிலும் கொடுக்காதே. மூச்சைப் பிடிக்காமல் வாய் வழியாக விடு. பக்கவாட்டில் விழுந்தால் ஒரு கால் மேல் இன்னொரு காலைப் போடாதே, முட்டியும் முட்டியும் மோதிக்கொள்ளும். எல்லாவற்றையும் விட முக்கியம், எந்தக் காரணத்துக்கும் கையை ஊன்றாதே. விழுகிறவன் கையை ஊன்றினால் மணிக்கட்டு போச்சு. ஆனால் மனுசனுக்குக் கையை ஊன்றத்தான் தோன்றும். பிறந்ததிலிருந்து அதுதானே பழக்கம். அந்தப் பழக்கத்தை உடம்பிலிருந்து பிடுங்கி எறிய எனக்கு மூன்று மாசம் ஆயிற்று.

அந்த ஐந்து பேரும் அப்போது என்ன செய்தார்கள்? நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்கும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை விழச் சொல்லிக்கொடுத்தார். அக்கா மகன் ஒரு தடவை விழுந்து, எழுந்து, தலையில் ஒட்டின உமியைத் தட்டிக்கொண்டே, "இதெல்லாம் இன்னாத்துக்கு மாமா, நாம வுழுவறதுக்கா கத்துக்கிறோம்?" என்றான். மாமாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதோடு அவர்களுக்கு அந்தப் பாடம் முடிந்தது.

மூன்று மாசத்துக்கு அப்புறம் வீச்சு ஆரம்பமானது. இடுப்பில் ஏற்றி வீசுவது எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர்கள் கிழித்த கிழிப்பு உங்களுக்குப் புரியாது. ஒரு கையால் எதிராளியின் முழங்கைப் பக்கத்துத் துணியைப் பிடிக்க வேண்டும். இன்னொரு கையை முதுகைச் சுற்றிக் கொடுக்க வேண்டும். முதலில் தூக்கக் கூடாது, இழுக்க வேண்டும். கைக்கடிகாரத்தில் மணி பார்க்கிற மாதிரி முழங்கையை உயர்த்தி முன்னால் இழுத்தால் அவன் குதிகால் தரையை விட்டு எழும். அந்த நேரத்தில் திரும்பி, முட்டியை மடக்கி, உன் இடுப்பை அவன் இடுப்புக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். கீழே. இதுதான் மொத்த வித்தையும். இடுப்பு கீழே போனால், முட்டியை நிமிர்த்தினதுமே அவன் தானாகக் கவிழ்ந்துவிடுவான். பலமே வேண்டாம். நெல் மூட்டையைத் தோளுக்கு ஏற்றுகிற ஆளைப் பாருங்கள், அவன் குனிந்துதான் ஏற்றுவான், நின்றுகொண்டு ஏற்ற மாட்டான். காலனியில் இது எல்லாருக்கும் தெரியும்.

அக்கா மகனுக்கு முட்டி மடங்காது. யார் முன்னாலும் மடங்கிப் பழக்கமில்லாத முட்டி. அவன் விறைப்பாகத் திரும்பி, தன் பின்பக்கத்தை என் வயிற்றில் முட்டிவிட்டு, கையால் மட்டும் இழு இழு என்று இழுப்பான். நான் சும்மா நிற்பேன். அவன் நெற்றி நரம்பு புடைக்கும். ஐந்து பேருக்கும் அதே கதைதான். வீச வேண்டியவன் இழுத்து இழுத்து மூச்சு வாங்குகிறான், வீசப்பட வேண்டியவன் மரம் மாதிரி நிற்கிறான். களத்தில் இருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாஸ்டர் முகம் இருண்டுவிட்டது. என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "சும்மா நிக்கிறியே, அறிவு கீதா? அவன் திரும்பறப்போ நீ எகிறுடா."

எகிறினேன். அவ்வளவுதான் சங்கதி. அவன் திரும்புகிற நேரம் பார்த்து, கட்டைவிரலால் தரையை உந்தி, அவன் முதுகின் மேல் நானே ஏறி, நானே உருண்டு, அந்தப் பக்கம் நானே விழுந்து, தார்ப்பாயை நானே அறைந்தேன். களம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. அக்கா மகன் வீரனாகிவிட்டான்! இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் இருந்த பக்கம் பார்த்தான். அன்றைக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை ஆரம்பித்தோம் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

இப்படியே இரண்டு வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாற்பது தடவையாவது விழுவேன். "இன்னிக்கி நீ வுழு, அடுத்த வாரம் நீ போடு" என்பார் மாஸ்டர். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. காலனிக்காரன் கை, ஊர்ப் பிள்ளையின் காலரைப் பிடித்துத் தூக்கித் தரையில் போடுவதா? அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நானும் கேட்கவில்லை.

இதில் ஒரு அசிங்கம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வித்தையில் கட்டிப்பிடிக்காமல் ஒன்றும் நடக்காது. அவன் கன்னம் என் கழுத்தில் உரசும். என் வியர்வை அவன் வாயில் போகும். என் வயிறு அவன் முதுகில் ஒட்டும். இரண்டு மணி நேரம் இப்படி. முடிந்ததும் பம்ப்செட் போடுவார்கள். அவர்கள் ஐந்து பேரும் தொட்டியில் இறங்கிக் குளிப்பார்கள். நான் வாய்க்காலில் நாற்பது அடி தள்ளி, அவர்கள் குளித்து வழிகிற தண்ணீரில் கழுவிக்கொள்ள வேண்டும். காபி அவர்களுக்கு டம்ளரில், எனக்குத் தேங்காய்ச் சிரட்டையில். கட்டிப்பிடித்துப் புரளும்போது ஒட்டாத தீட்டு, டம்ளரில் மட்டும் எப்படி ஒட்டும்? ஜப்பான்காரனைக் கேட்டால்கூடத் தெரியாது. த்தூ! ஆனால் அந்தச் சிரட்டையை வாங்கிக் குடித்தவனும் நான்தானே. ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு உண்மையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். விழுவது எனக்குப் பிடித்துப்போயிற்று. உடம்பு காற்றில் திரும்புகிற அந்த ஒரு நொடி, தார்ப்பாயில் கை அறைகிற அந்தச் சத்தம், அடிபடாமல் எழுந்து நிற்கிற அந்தச் சுகம். எவன் எப்படி இழுத்தாலும் அவன் அடுத்து எந்தக் காலை வைப்பான் என்று அவன் துணியைப் பிடித்திருக்கிற என் விரலுக்குத் தெரிந்துவிடும். அவர்கள் செய்கிற தப்பு ஒவ்வொன்றும் என் உடம்பில்தான் பதிந்தது. அந்தக் களத்தில் ஜூடோ தெரிந்த ஒரே ஆள் நான்தான், மாஸ்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் உண்மையிலேயே அந்தப் பெரிய கம்பெனியில் ஆள் எடுப்பதாகச் சேதி வந்தது. ஜூடோ டீமுக்கு இரண்டு பேர், இரண்டும் பர்மனென்ட். அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் வரச் சொன்னார்கள். மாஸ்டர் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எதற்கு? ஐந்து பேரும் வீசிக் காட்டுவதற்கு விழ ஆள் வேண்டாமா? "அப்படியே உன் பேரையும் எழுதிக் குடு" என்று போகிற போக்கில் சொன்னார். எனக்கு அது போதும். அந்த வாரம் எனக்கு மறுபடி பிரேக் விழ இருந்தது. என் மனைவி காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். "இந்தத் தபா கெடைக்கும், பாரு" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அபூர்வம்.

ஆள் எடுக்க வந்தவர் வெளியூர்க்காரர். குள்ளமான மனுசர், நரைத்த தலை, வருஷக்கணக்கில் பாயில் தேய்ந்து காது இரண்டும் நசுங்கிப்போயிருந்தது. தமிழை உடைத்து உடைத்துப் பேசினார். வெவ்வேறு இடத்திலிருந்து பதினைந்து பேர் வந்திருந்தோம். நிஜமான பாய் விரித்திருந்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து முதலில் சொன்ன வார்த்தை: "எல்லாம் விழு."

மாஸ்டர் குறுக்கே புகுந்தார். "சார், என் பசங்க நல்லா போடுவாங்க சார். வீசிக் காட்டச் சொல்றேன்."

"போடறது அப்புறம். விழத் தெரியாத ஆள் என் பாய் மேலே வேண்டாம். விழு."

ஐயோ, அந்தக் காட்சியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு குளிர்கிறது. எங்கள் களத்து ஐந்து பேரில் முதல் ஆள் பின்னால் விழுந்து மண்டையை மடேரென்று அடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு எழுந்தான். இரண்டாவது ஆள் விழ மாட்டேன் என்று உட்கார்ந்தே விட்டான். மூன்றாவது ஆள் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போனான், நாலாவது ஆள் அவனுக்குத் துணைக்குப் போகிற சாக்கில் ஜகா வாங்கினான். ஐந்தாவது அக்கா மகன். கையை ஊன்றினான். இரண்டு வருஷம் கறுப்பு பெல்ட் மாமாவிடம் படித்தவன், பாயில் கையை ஊன்றினான்! மணிக்கட்டு அங்கேயே வீங்க ஆரம்பித்தது. சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, ஒன்றும் ஆகாத மாதிரி நின்றான். இத்தனை நாள் பூண்ட வீரவேஷமெல்லாம் ஐந்து நிமிஷத்தில் சந்தி சிரித்தது.

என் முறை வந்தது. பின்னால் விழுந்தேன், இடது பக்கம், வலது பக்கம், முன்னால் உருண்டு. அந்தப் பெரியவர் கையைப் பிரித்தார். மூன்று பேரைக் குனியச் சொல்லி, அவர்கள் மேலே தாவி விழச் சொன்னார். விழுந்தேன். பாயில் நான் அறைந்த சத்தத்துக்கு வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெரியவர் மாஸ்டரிடம் திரும்பினார்.

"இவன் உன் ஆள்?"

"ஆமா சார். நான்தான் கத்துக் குடுத்தேன்."

"இவன் ஒருத்தனுக்கு மட்டும் கத்துக் குடுத்தியா?"

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். பர்மனென்ட். பிரேக் கிடையாது. குழந்தைக்குப் பால்மாவு. மனைவி சேற்றில் இறங்க வேண்டாம். நின்ற இடத்திலேயே இவ்வளவும் கண்ணுக்குள் வந்துபோனது.

அடுத்தது மோதல். மண்டை அடிபடாமல், ஒதுங்காமல் நின்ற ஐந்து பேர்தான் மிஞ்சினோம், மணிக்கட்டை மறைத்துக்கொண்ட அக்கா மகனும் அதில் ஒருத்தன். திருவள்ளூர் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தன் இரண்டு பேரைப் போட்டு முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டான். அவன் நிஜமாகவே நன்றாகப் போட்டான். இன்னும் ஒரே இடம்தான். பெரியவர் எடையைப் பார்த்து ஜோடி சேர்த்தார். மிச்சம் நின்ற இரண்டு பேர், நானும் அக்கா மகனும். "ஜெயிக்கிறவன் ரெண்டாவது ஆள்" என்றார்.

இதைவிட ஒருத்தனுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்? வீங்கின மணிக்கட்டு. மடங்காத முட்டி. அவன் எந்த வேளையில் எந்தக் காலை வைப்பான் என்று அவனைப் பெற்றவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஜெயிக்க ஒரு வீச்சும் தெரிந்திருக்க வேண்டாம். அவன் திரும்பும்போது வயிற்றைக் கொஞ்சம் இறக்கி, நின்ற இடத்தில் நின்றால் போதும். அவனே தடுமாறி விழுவான். குனிந்து வணங்கினோம், பிடித்தோம். வீங்கின கை என் சட்டையைச் சரியாகப் பிடிக்கவில்லை. வலி. இழுத்தான், ஒன்றுமில்லை. திரும்பினான், வழக்கம்போல விறைப்பாக. வலது கால் தப்பான இடத்தில். அவன் உடம்பு மொத்தமும் அந்த ஒற்றைக் கட்டைவிரலில் நின்றது. அவன் காது என் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"எகிறுடா."

எகிறினேன்.

யோசித்து எகிறவில்லை. பயந்துகூட எகிறவில்லை. அந்தச் சத்தம் காதில் விழுந்தது, கட்டைவிரல் உந்தியது, அவ்வளவுதான். காற்றில் திரும்பும்போதே, ஐயையோ என்ன செய்கிறாய், பாவி என்று மனசு கத்தியது. அதற்குள் மோவாய் நெஞ்சோடு ஒட்டி, கை பாயை அறைந்துவிட்டது. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக நான் விழுந்ததில்லை. அங்கே இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

பெரியவர் கை தட்டவில்லை. மெதுவாக வந்து என் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்தார். நான் மல்லாக்கக் கிடந்தேன். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அவன் போட்டானா? நீயே போனியா? சொல். இன்னொரு தரம் வைக்கிறேன்."

இப்படியும் ஒரு மனுசன்! விழுந்து கிடக்கிறவனிடம் குனிந்து வந்து இன்னொரு தரம் தருகிறேன் என்கிறான். இதை எனக்கு என் பிறப்பிலேயே எவனும் சொன்னதில்லை. அவர் தோளுக்குப் பின்னால் மாஸ்டர் நின்றிருந்தார். கண்ணைக்கூட உருட்டவில்லை. சும்மா நின்றார். அவர் அண்ணன் நிலம், என் மனைவியின் கூலி, பிரேக் முடிந்து மறுபடி என்னை எடுக்க வேண்டியவர் யார் என்பது, எல்லாம் அவரோடு சேர்ந்து நின்றது.

"அவர்தான் போட்டாரு சார்" என்றேன்.

என்னைவிட மூன்று வயது சின்னவன் அவன். பெரியவர் முட்டியில் கை ஊன்றி எழுந்து போய், அவன் பேரை எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அக்கா மகன் நல்ல கையால் என் முதுகில் தட்டினான். "நல்ல ஆளுடா நீ, மறக்க மாட்டேன்" என்றான். மாஸ்டர் எல்லாருக்கும் கடையில் டிபன் வாங்கிக்கொடுத்தார். எனக்கும்தான், பொட்டலமாக. நான் அதை ஏரிக்கரையில் நாய்க்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்ததுமே குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன், அவளிடம் மட்டும் பொய் வரவில்லை. அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

"அந்தப் பெரியவரு கேட்டப்பவாவது சொல்லக் கூடாதா?" என்றாள். பிறகு நடவுக்கு ஆள் எடுக்கிறவளைப் பார்க்கக் கிளம்பிப் போனாள். வெள்ளிக்கிழமை எனக்கு பிரேக் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை களத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். போனேன். ஆமாம், போனேன். அடுத்த ஊர்ப் பையன் ஒருத்தன் புதுக் கோட்டோடு நின்றான். என் சட்டையைப் பிடித்தான், இழுத்தான், திரும்பினான். "எகிறுடா" என்றார் மாஸ்டர். நான் நின்றேன். மறுபடி இழுத்தான். நின்றேன். மாஸ்டரே அவனைத் தள்ளிவிட்டு வந்து பிடித்தார். அந்தச் சாய பெல்ட் வியர்வையில் ஊற ஊற, மூன்று தடவை, நாலு தடவை என்னை அசைத்துப் பார்த்தார். கடைசியில் அவரே கால் தடுக்கித் தார்ப்பாயில் முட்டி போட்டார். பெண்கள் சிரித்தார்கள். "ஊட்டுக்குப் போடா நாயே" என்றார். போனேன்.

அன்றைக்குச் சாயங்காலம் காலனியில் நாலு பேர் என் தோளைத் தட்டி, மாஸ்டரையே மண்டி போட வெச்சிட்டியாமே என்று சிரித்தார்கள். நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு கதை சொன்னேன். என் மனைவி சேற்றுக்காலோடு வந்து கொஞ்ச நேரம் கேட்டாள். "செவ்வாக்கெழம ஒரே ஒரு தபா நின்னிருந்தா போதுமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தோளைத் தட்டினவர்கள் ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள். வேலை போன பிறகு எந்த நாயும் நிற்கும். அந்த பிரேக்குக்குப் பிறகு கம்பெனியில் என்னைக் கூப்பிடவே இல்லை.